டைம் கம்ப்ரெஷன் எங்கெங்க எவ்வளவு வெக்கிறீங்க? சைலண்ட் ஹன்டர் ஆடுறவங்க அனுபவம்

ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் நீர்மூழ்கியை ஓட்டுற சைலண்ட் ஹன்டர் 3 கேம் வந்தது 2005ல, இன்னும் அதை விடாம ஆடுற ஆளுங்க இங்க இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்குறேன். டிசி, அதாவது கேம்ல நேரத்தை எத்தனை மடங்கு வேகமா ஓட்டுறதுங்கிற டைம் கம்ப்ரெஷனை, எங்க எவ்வளவு வெக்கிறீங்க, அதனால என்னென்ன நடந்துச்சு, எழுதுங்க. முதல்ல என்னோடதை சொல்லிடுறேன்.

128, 256னு நம்பரை நான் பாக்குறதே இல்ல. இப்ப ஏதாச்சும் எதிர்ல வந்தா எனக்கு நிஜத்துல எத்தனை செகண்ட் கிடைக்கும், அவ்வளவுதான் கணக்கு. 10 நாட்ல (மணிக்கு 10 கடல் மைல்) போற ஒரு சரக்கு கப்பலை வெச்சுக்கோங்க, வாட்ச் க்ரூவுக்கு (மேல நின்னு கடலை கண்காணிக்கிறவங்க) 8 கிலோமீட்டர் வரைக்கும் தெரியுதுன்னா அந்த வட்டத்தை ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் போக அதுக்கு 50 நிமிஷத்துக்கு மேல ஆகும். 1024ல அது மூணே செகண்ட். 128ல கிட்டத்தட்ட 24 செகண்ட், அதுல மேப்பை பாத்து, கோர்ஸ் மாத்தலாமா வேணாமான்னு யோசிக்கவே முடியுது. இன்னொண்ணு, 1024ல 30 ஃப்ரேம் ஓடுதுன்னா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவுல கேம்ல 34 செகண்ட் ஓடிப்போயிருக்கும், அந்த 34 செகண்ட்ல என்ன நடந்துச்சோ அது நடந்தது நடந்ததுதான்.

போன பேட்ரோல்ல அயர்லாந்துக்கு மேற்க ஒரே மூடுபனி, கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, அதனால சில மணி நேரத்துக்கு ஒரு தடவை 25 மீட்டர்ல முங்கி, டிசியை 1க்கு இறக்கி ஹைட்ரோஃபோனை (தண்ணிக்கு அடியில சத்தம் கேக்குற கருவி) நானே சுத்தினேன். தெற்கு பக்கம் நிறைய ப்ரொபெல்லர் சத்தம், மெதுவா, கனமா. மேல வந்து 128ல ஓட ஆரம்பிச்சேன். கான்வாய் (கூட்டமா போற சரக்கு கப்பல்கள்) 8 நாட், நம்ம செவன்-சி (ஜெர்மன் நீர்மூழ்கி வகை) தண்ணிக்கு மேல 17 நாட், 20 மைல் முன்னாடி போகணும்னா ரெண்டேகால் மணி நேரம், 128ல ஒரு நிமிஷம் சொச்சம். இடையில ரெண்டு தடவை நிறுத்தி முங்கி பேரிங் (சத்தம் வர்ற திசை) சரிபாத்ததுல கான்வாய் கோர்ஸ் மாத்தினதும் கிடைச்சுது. 1024ல இதே வேலை எட்டு செகண்ட்ல முடிஞ்சிருக்கும், ஆனா கான்வாய் வேற பக்கம் போயிருக்கும், நான் வெறும் கடல்ல பெரிஸ்கோப் தூக்கி நின்னிருப்பேன்.

———

ப்ரோ நீங்க சொன்னது 1940 அட்லாண்டிக்குக்கு சரி. 43ல பிஸ்கே வளைகுடாவுக்கு வாங்க, அப்ப தெரியும்.

பிரான்ஸ்ல இருந்த ஜெர்மன் தளமான லோரியாங்ல இருந்து கிளம்புறேன், 1943 மே. அந்த ஒரே மாசத்துல நிஜத்துல 41 யு-போட் (ஜெர்மன் நீர்மூழ்கி) அழிஞ்சு போச்சு, கேம்லயும் அதே மாதிரிதான் இருக்கு. விமானம் 150 நாட்ல வருதுன்னா 10 கிலோமீட்டரை ரெண்டு நிமிஷம் சொச்சத்துல தாண்டிரும். 1024ல அது எட்டுல ஒரு பங்கு செகண்ட்! கண் சிமிட்டுற நேரம் கூட இல்ல. 128லயே ஒரு செகண்ட்தான். கிராஷ் டைவுக்கு (அவசரமா முங்குறது) நல்ல க்ரூ இருந்தாலும் அரை நிமிஷம் வேணும், அப்புறம் பாதுகாப்பான ஆழத்துக்கு போக அதுக்கு மேல. கேம் தானா டிசியை இறக்கிடும்னு சொல்லுவாங்க, இறக்கும்தான், ஆனா "ஏர்கிராஃப்ட் ஸ்பாட்டட்"னு குரல் வர்றப்ப அது தலைக்கு மேல இருக்கும்.

நான் இப்ப வளைகுடாவுல பகல் முழுக்க தண்ணிக்கு அடியில, ராத்திரி மேல வந்து பேட்டரி சார்ஜ், அதுவும் 32க்கு மேல போறதில்ல. பகல்ல அடியில 2 நாட்ல 512 கூட வெக்கலாம், விமானத்தால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா பேட்டரி மேல ஒரு கண்ணு இருக்கணும். செவன்-சி அடியில 4 நாட்ல 80 மைல்தான் போகும், அதாவது 20 மணி நேரம், 1024ல 70 செகண்ட். போன் வந்து எடுத்து பேசிட்டு திரும்பினா பேட்டரி காலி, சிஓ2 ஏறி நிக்கும்.

இப்படி ஒரு வாரம் நகர்ந்து போய் வளைகுடாவை தாண்டின அன்னைக்கு கிடைச்ச சந்தோஷம் கப்பல் மூழ்கடிச்சா கூட வராது, உண்மையா சொல்றேன்.

———

நீங்க எல்லாரும் 1024, 128னு பேசுறீங்க, நான் 1லயே ஓட்டுவேன் தலைவரே. சிரிக்காதீங்க. ராத்திரி தூங்க போறப்ப கம்ப்யூட்டரை அப்படியே விட்டுட்டு போவேன், காலைல எந்திரிச்சா 80 மைல் வந்திருக்கும், ரேடியோ மெசேஜ் குமிஞ்சிருக்கும். நிஜத்துல ஒரு செவன்-சி பேட்ரோல் மாசக்கணக்குல போகும், எனக்கும் அப்படித்தான் போகுது. வேலைக்கு போய்ட்டு வந்து பாத்தா புயல். மறுநாளும் புயல். அலைல டெக் கன் பக்கத்துலயே யாரும் போக முடியாது, க்ரூ மாதிரியே எனக்கும் வெறுப்பா இருக்கும்.

ஒரு நாள் விடிகாலைல, சும்மா பிரிட்ஜ் கேமராவுல பாத்துட்டு இருந்தேன், வடக்கு கடல்ல தூரத்துல ஒரு புகை, மெல்லிசா ஒரு கோடு. வாட்ச் ஆபீசர் சொல்றதுக்கு முன்னாடி நான் பாத்தேன். அந்த ஒரு புகையை 1024ல ஆடுற யாரும் பாத்திருக்க மாட்டாங்கன்னு பந்தயம் கட்டுவேன். கடைசில அது நியூட்ரல் கப்பல், ஸ்வீடன் கொடி. விட்டுட்டேன்.

———

மேல இருக்கிறவர் பொறுமைக்கு கும்பிடு. ஆனா பசிபிக்ல இது நடக்காது அண்ணா. சைலண்ட் ஹன்டர் 4ல (அமெரிக்க நீர்மூழ்கி, பசிபிக் போர்) பேர்ல் ஹார்பர்ல இருந்து ஜப்பான் கிட்டத்தட்ட 3,400 மைல், 10 நாட்ல ரெண்டு வாரம். 1024ல கூட 20 நிமிஷம் உக்காந்து மேப்பையே பாக்கணும். மிட்வேல நிறுத்தி டீசல் போட்டுட்டு போறது வேற. அந்த அகண்ட கடல்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு குருவி கூட கண்ல படாது, அங்க போய் 32 வெச்சா எனக்கு வயசாயிடும். ஜப்பான் கரைல இருந்து 300 மைல் வந்ததும்தான் இறக்குவேன், 256, அப்புறம் 64.

கரை கிட்ட இன்னொரு தொல்லை, 1024ல வே-பாயின்ட்ல (மேப்ல குறிச்சு வெச்ச திருப்பம்) போட் திரும்புறது லேட்டா திரும்பும். கடல் நடுவுல பரவாயில்ல. கியூஷுவுக்கும் ஷிகோகுவுக்கும் நடுவுல அந்த சந்துல திரும்புறப்ப பாறை இருக்கிற பக்கம் போய் நின்னுச்சுன்னா கதை முடிஞ்சுது. தீவு, கால்வாய், ஹார்பர் எதுவா இருந்தாலும் 8தான்.

———

யாரும் டெஸ்ட்ராயர் (நீர்மூழ்கியை வேட்டையாடுற போர்க்கப்பல்) பத்தி பேசல, எனக்கு அதுதான் முக்கியம்.

டெப்த் சார்ஜ் (அது தண்ணிக்குள்ள போடுற குண்டு) நொடிக்கு சுமார் 3 மீட்டர் முங்கும். நீங்க 150 மீட்டர்ல இருந்தா அது வந்து சேர 50 செகண்ட். டெஸ்ட்ராயர் உங்க தலைக்கு நேர் மேல வர்றப்ப அதோட ஆஸ்டிக்ல (சோனார்) நீங்க தெரிய மாட்டீங்க, அப்பதான் ஃப்ளாங்க் ஸ்பீடு (முழு வேகம்) போட்டு ஓரமா திரும்பணும், 7 நாட்ல 50 செகண்ட்ல 180 மீட்டர் தள்ளி போயிடலாம். முழு ஆட்டமே அந்த 50 செகண்ட்தான். 4 வெச்சீங்கன்னா 12 செகண்ட், ஆர்டர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வெடிச்சிரும்.

ஆனா அதுக்கு அப்புறம் வர்றது மணிக்கணக்குல காத்திருக்கிறது. 2 நாட், சைலன்ட் ரன்னிங் (சத்தம் போடாம போறது), ரெண்டு டெஸ்ட்ராயர் மேல சுத்துது. ஒண்ணு நிக்கும், ஒண்ணு ஓடும், நிக்கிறது கேட்டுட்டே இருக்கும். இங்க 1ல உக்காந்தா விடிஞ்சிரும், அதனால 8 வெப்பேன், ஹைட்ரோஃபோன் பேரிங் மாறுற வேகத்தை பாத்துட்டே இருப்பேன். பேரிங் மாறாம சத்தம் மட்டும் பெருசாகுதுன்னா நேரா நம்ம மேல வருது, உடனே 1. பேரிங் கடகடன்னு ஓடுதுன்னா அது ஓரமா போகுது, 8லயே விடலாம். போன வாரம் நார்த் சேனல் பக்கம் ஒருத்தன் இப்படி சாயங்காலம் பிடிச்சவன் நடுராத்திரி வரைக்கும் விடல. கடைசில அவன் கிழக்கால போனதும் நான் மேல வர்றதுக்கு முன்னாடி இன்னும் ஒரு மணி நேரம் 32ல அடியிலயே இருந்தேன், நல்லதா போச்சு, ரெண்டாவது ஆள் இன்ஜினை அணைச்சுட்டு அங்கயே நின்னுட்டு இருந்திருக்கான், அப்பதான் ஸ்டார்ட் பண்ற சத்தம் வந்துச்சு.

டார்பிடோ விட்டதுக்கு அப்புறமும் 1தான். ஜி7ஈ 30 நாட், 900 மீட்டருக்கு ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தை ஓட்டி விடுறவங்க எதுக்கு இந்த கேமை ஆடுறாங்கன்னே புரியல.

———

முதல்ல எழுதினவன்தான். பிஸ்கே நண்பருக்கு, நீங்க சொன்ன 32 சரிதான், 43க்கு அப்புறம் நானும் மாத்திக்கிறேன், அங்க என் 128 செல்லாது.

எல்லாருக்கும் ஒரு விஷயம், கேம் எப்ப எவ்வளவுக்கு தானா இறங்கணும்ங்கிறது மெயின் சிஎஃப்ஜி ஃபைல்ல டைம் கம்ப்ரெஷன் பகுதியில இருக்கு, நோட்பேட்ல திறந்து மாத்தலாம். ரேடியோ ரிப்போர்ட் வர்றப்ப எல்லாம் 1க்கு இறங்குறது கடுப்பா இருந்தா அதை மட்டும் ஏத்திக்கோங்க. விமானம் தெரிஞ்சா வர்ற வரியை தொடாதீங்க, அது 1லயே இருக்கட்டும். மாத்துறதுக்கு முன்னாடி ஃபைலை காப்பி எடுத்து வெச்சுக்கோங்க.

யுபோட் கேம் 2024ல முழுசா வெளியாச்சே, அதுல க்ரூ சாப்பாடு, தூக்கம், மனநிலை எல்லாம் பாக்கணும், அதுல வேகமா ஓட்டினா எப்படி இருக்குன்னு யாராச்சும் எழுதுங்க. குறிப்பா கான்வாயை பின்தொடர்றப்ப எவ்வளவு வெக்கிறீங்க?