மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கி, ஆளுநரின் மறுப்பு: இரண்டு சொற்கள் வேண்டும், வெள்ளிக்குள்

செ.க. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இளங்கலை அரசியலறிவியல் பாடநூலில் அமெரிக்க மாநில ஆளுநர்களைப் பற்றிய இயலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் நான்கு நாட்களாகச் சிக்கி நிற்கிறேன்.

இயலில் வருவது இல்லினாய் மாநிலத்தில் 2013இல் நடந்தது. பொது இடத்துக்குத் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லப் பொதுமக்களுக்கு வழியே இல்லாமல் இருந்த கடைசி அமெரிக்க மாநிலம் அது. 2012 டிசம்பரில் சிகாகோவில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்து, புதுச் சட்டம் இயற்ற 180 நாள் தவணை கொடுத்தது. 2013 மே 31 அன்று சட்டமன்றம் உரிமச் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. ஆளுநர் பேட் குவின் அதில் கையொப்பமிடவும் இல்லை, முழுவதுமாகத் தள்ளவும் இல்லை. இன்னின்ன இடங்களை மாற்றுங்கள் என்று எழுதி ஜூலை 2 அன்று திருப்பி அனுப்பினார். ஜூலை 9 அன்று கீழவை 77க்கு 31, மேலவை 41க்கு 17 என்று வாக்களித்து, பழைய வடிவத்தையே சட்டமாக்கின.

மூலத்தில் உள்ளவை "concealed carry license", "amendatory veto" (வீட்டோ என்பது ஆளுநரின் மறுப்பு). அவற்றுக்கு நான் எழுதியிருப்பவை முறையே "மறைத்து ஏந்தும் உரிமம்", "திருத்த மறுப்பு". வரைவைப் படித்த மாணவி ஒருத்தி, "ஆளுநர் திருத்த மறுத்துவிட்டாரா அம்மா?" என்று கேட்டாள். நடந்ததற்கு நேர் எதிராக அவளுக்குப் புரிந்திருக்கிறது. உதவுங்கள்.

புலவர் ம.இ. எழுதியது:

அன்புள்ள செ.க. அம்மாவுக்கு,

முதலில் "ஏந்து" என்பதை எடுத்துவிடுங்கள். ஏந்துதல் என்றால் பிறர் காணக் கையில் தாங்குவது. விளக்கேந்தினாள், தட்டேந்தினாள், துப்பாக்கி ஏந்திய காவலர் என்கிறோம். மறைத்து ஏந்துதல் என்பது தன்னைத் தானே மறுக்கும் தொடர்.

இதற்குச் சொல்லைப் புதிதாகப் படைக்க வேண்டியதே இல்லை. பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வரும் முத்தநாதன் "கையினில் படைகரந்த புத்தகக் கவளி ஏந்தி" வருகிறான். ஏந்துவது கவளியை, அதாவது சுவடிக்கட்டை; கரப்பது, அதாவது மறைப்பது, படையை, அதாவது ஆயுதத்தை. சேக்கிழார் இரண்டு வினைகளையும் எவ்வளவு கவனமாகப் பிரித்திருக்கிறார் பாருங்கள்! குறளிலும் "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்" என்று வருகிறது. ஆகவே படைகரப்பு, படைகரப்பு உரிமம். பல நூற்றாண்டுகளாக உள்ள ஆட்சி, கரப்பு என்று நான்கே எழுத்துகளில் ஒரு வினை.

கவளி என்பதையும் விட்டுவிட வேண்டாம். வெற்றிலைக் கட்டைக் கவுளி என்கிறோமே, அதே சொல். துப்பாக்கியை இடுப்பில் செருகும் உறைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

த.வி. எழுதியது:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் நாளிதழில் செய்தி திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீங்கள் காட்டிய இரண்டு இடங்களிலும் படையை மறைப்பவன் வஞ்சகன். முத்தநாதன் பொய்த்தவ வேடத்தில் கொல்ல வந்தவன். குறள் வரும் அதிகாரம் கூடா நட்பு. கரவு என்றாலே வஞ்சனை என்றுதான் நம் காதில் விழும். இல்லினாய்ச் சட்டமோ 16 மணி நேரப் பயிற்சி முடித்து, 150 டாலர் கட்டி, மாநிலக் காவல்துறையிடம் ஐந்தாண்டு உரிமம் பெற்றவரைப் பற்றிப் பேசுகிறது. அவர் செய்வது சரியா தவறா என்பதைத்தான் அந்த இயல் மாணவர்களிடம் கேட்கப்போகிறது. கேள்வி தொடங்குவதற்கு முன்பே சொல் தீர்ப்பெழுதிவிடக் கூடாது. நம் ஊரில் "கள்ளத்துப்பாக்கி" என்று எழுதிப் பழகிய கண்ணுக்குப் "படைகரப்பு உரிமம்" கள்ளத்துப்பாக்கிக்கே உரிமம் தருவதாகத் தெரியும்.

"துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம்" என்று போடுங்கள். நீளமாக இருந்தால் இருக்கட்டும்.

வே.அ. எழுதியது:

ஒரு தமிழ்ப் பாடநூலில் துருக்கிச் சொல்லான துப்பாக்கியை எதற்காகச் சுமக்க வேண்டும்? சுடுகலன் இருக்கிறது. வீட்டோ என்பதும் வேண்டாம். வெட்டாணை என்று சொல்லுங்கள். இலத்தீன் வீட்டோவுக்கும் நம் வெட்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் நெடுநாள் துணிபு.

ச.ப. எழுதியது:

வே.அ. ஐயா, துப்பாக்கி துருக்கிச் சொல் என்று அவ்வளவு விரைவில் விட்டுக்கொடுக்காதீர்கள். "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். துப்பு என்றால் வலிமை. வலிமையை ஆக்குவது துப்பாக்கி.

புலவர் ம.இ. எழுதியது:

ச.ப. தம்பி, அந்தக் குறள் மழையைப் பற்றியது. அங்கே துப்பு என்பது உணவு, "ஆக்கி" வினையெச்சம். உண்பவர்க்கு உணவை ஆக்கி, தானும் உணவாவது மழை. கருவிப் பெயருக்கு அங்கே இடமில்லை. துருக்கியிலிருந்து வந்த சொல் வந்ததாகவே இருக்கட்டும். அதனால் தமிழுக்கு ஒரு குறைவும் இல்லை.

வெட்டாணையும் அப்படித்தான். இலத்தீனில் வீட்டோ என்றால் "நான் தடுக்கிறேன்" என்பது பொருள். ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. உண்மையான வேர்ச்சொல் ஆய்வைப் பிறர் நம்பாமல் போவதே இத்தகைய துணிபுகளால்தான். நான் இதைக் கோபமாகவே சொல்கிறேன்.

யோ.ந. எழுதியது:

ரொறொன்ரோவிலிருந்து வணக்கம். இலங்கைப் பத்திரிகைத் தமிழில் சுடுகலன் வழக்கில் உள்ள சொல்தான், ஆனால் நீண்ட துப்பாக்கியையும் அது குறிக்கும். இந்தச் சட்டம் கைத்துப்பாக்கிக்கு மட்டும் உரியது. எனவே கைத்துப்பாக்கி என்றே எழுதுவது சரி.

நான் "அனுமதிப்பத்திரம்" என்று எழுதச் சொல்லத்தான் வந்தேன். எங்களுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம்தான் பழக்கம். ஆனால் சட்டத்தைப் படித்த பிறகு மனம் மாறிவிட்டது. தகுதிகள் நிறைந்த விண்ணப்பதாரருக்குக் காவல்துறை உரிமத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற முறை அது. அதிகாரி விரும்பினால் தருவது அனுமதி. கேட்டவருக்குத் தந்தாக வேண்டியது உரிமம். உரிமை என்ற சொல் உள்ளே நிற்பது இந்த இடத்தில் மிகப் பொருத்தம். தமிழகத்தாரின் சொல்லையே ஏற்கிறேன்.

அ.கு. எழுதியது:

செ.க. அக்காவுக்கு,

நான் இல்லினாயில் குடியிருப்பவன். இந்த விவாதத்தில் இன்னும் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. "மறைத்தல்" என்ற அந்த ஒரு சொல்லின் மேலேயே ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் சண்டை நடந்தது.

சட்டமுன்வடிவின் வரையறையில், பொதுமக்கள் பார்வையிலிருந்து "முழுவதுமாகவோ பெரும்பாலுமோ" மறைந்திருக்கும் கைத்துப்பாக்கி என்று இருந்தது. வண்டிக்குள் உடன் வைத்திருப்பதும் அதில் சேரும். "பெரும்பாலும்" இருந்தால் துப்பாக்கியின் ஒரு பகுதி வெளியே தெரிய நடமாடலாம், அது வெளிப்படையாக எடுத்துச் செல்வதற்குப் படிக்கல் ஆகிவிடும் என்று குவின் எதிர்த்தார். முழுவதும் மறைந்திருக்க வேண்டும் என்பது அவர் கேட்ட மாற்றங்களில் ஒன்று. மது பரிமாறும் எந்த இடத்திலும் துப்பாக்கி கூடாது, ஒருவர் ஒரு துப்பாக்கியும் பத்துத் தோட்டா அடங்கும் ஒரே ஒரு தோட்டாக்கூடும் மட்டுமே எடுத்துச் செல்லலாம் என்பவை வேறு சில. சட்டமன்றம் எதையும் ஏற்கவில்லை. "பெரும்பாலும்" அப்படியே சட்டத்தில் நிலைத்துவிட்டது.

ஆகவே நாம் எடுக்கும் சொல்லுக்கு முன்னால் "முழுவதும்", "பெரும்பாலும்" இரண்டும் வந்து நிற்க முடிய வேண்டும். "பெரும்பாலும் மறைத்து எடுத்துச் செல்லுதல்" என்றால் தமிழ் தடுமாறவில்லை. "பெரும்பாலும் படைகரப்பு" என்றால், பெரும்பாலான வேளைகளில் படைகரப்பு என்று பொருள் மாறிவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் த.வி. ஐயா பக்கம்.

செ.க. எழுதியது:

அ.கு. தம்பி, நன்றி. இதைப் பாடத்திலேயே ஒரு பத்தியாகச் சேர்க்க ஆசிரியர் குழுவிடம் கேட்கப்போகிறேன். இரண்டாவது சொல்லுக்கு யாரும் வரவில்லையே? நாளை மறுநாள் வெள்ளி.

புலவர் ம.இ. எழுதியது:

திருத்தமறுப்பு மூன்று வழிகளில் விரியும். திருத்தத்தை மறுத்தல் என்றால் இரண்டாம் வேற்றுமைத் தொகை. திருத்தத்தோடு கூடிய மறுப்பு என்றால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இடம்விட்டு எழுதினால் "திருத்த" என்பது செய வாய்பாட்டு வினையெச்சமாகிவிடும். உங்கள் மாணவி படித்தது மூன்றாவதை. அவள்மேல் பிழையில்லை, தொகையின்மேல்தான் பிழை. தொகையை விரித்துவிடுங்கள்: "திருத்தம் கோரும் மறுப்பு".

த.வி. எழுதியது:

ஐயா, நம் அரசமைப்பின் 200ஆம் உறுப்பிலும் ஆளுநர் திருத்தங்களைப் பரிந்துரைத்துத் திருப்பி அனுப்பலாம். நாளிதழில் "மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார்" என்று எழுதுகிறோம். அதையே வைத்தால் என்ன? மாணவர்களுக்குத் தெரிந்த தொடர்.

அ.கு. எழுதியது:

தெரிந்த தொடர்தான், ஆனால் வழிதவறச் செய்யும். நம் நாட்டில் அவை அதே சட்டமுன்வடிவைச் சாதாரணப் பெரும்பான்மையில் மீண்டும் நிறைவேற்றினால் ஆளுநர் ஒப்புதல் தந்தாக வேண்டும். இல்லினாயில் அவர் கேட்ட மாற்றங்களை ஏற்பதற்குத்தான் சாதாரணப் பெரும்பான்மை போதும். அவரை மீறுவதற்கு ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். 118 பேர் கொண்ட கீழவையில் 71, 59 பேர் கொண்ட மேலவையில் 36. 77, 41 என்ற எண்களின் பொருளே அதில்தான் இருக்கிறது. திருப்பி அனுப்புதல் என்றால் அந்தப் பூட்டு தெரியாது. மறுப்பு என்ற சொல் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். நம் மாணவர் மனத்தில் ஆளுநர் என்றால் நியமனம் பெற்றவர். இயலின் முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள், அக்கா.

வே.அ. எழுதியது:

மறுப்பு என்பதாவது தமிழ். ஏற்கிறேன். சுடுகலனை நீங்கள் கைவிட்டதை ஏற்கவில்லை.

செ.க. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று இரவு கோப்பை அனுப்பிவிட்டேன்.

கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் என்று முதலில் முழுமையாக எழுதி, பிறகு வருமிடங்களில் "மறைத்துச் செல்லும் உரிமம்" என்று சுருக்கியிருக்கிறேன். ஆளுநர் செய்தது "திருத்தம் கோரும் மறுப்பு". அடைப்பில் வீட்டோ என்று ஒரே ஒரு முறை. ஐ.நா. பாதுகாப்பு அவையைப் பற்றிய செய்திகளில் மாணவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள்.

புலவர் ம.இ. எழுதியது:

அம்மா, அச்சுக்குப் போய்விட்டது, மகிழ்ச்சி. ஆனாலும் "மறைத்துச் செல்லும் உரிமம்" என்றால் எதை மறைத்து என்ற கேள்வி நிற்கிறது. செயப்படுபொருள் இல்லாத சுருக்கம் அது. உரிமத்தையே மறைத்துச் செல்வதாகவும் ஒரு மாணவன் படிப்பான். படைகரப்பில் அந்தக் குறை இல்லை. அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.