கொமேடா பெயரை மாற்றியது யாருக்குப் பயந்து?

பழையரேடியோ: போலந்து ஜாஸ் பியானோக் கலைஞர் கிஷிஷ்டோஃப் கொமேடாவின் நிஜக் குடும்பப் பெயர் ட்ஷ்சின்ஸ்கி. அரசாங்கத்துக்குப் பயந்துதான் மாற்றினார் என்பேன். ஸ்டாலின் காலத்தில் அங்கே ஜாஸ் என்றால் அமெரிக்கச் சரக்கு. வீட்டுக்குள் ஒளிந்துதான் வாசித்தார்கள். அதை நிலவறைக் காலம் என்றே சொல்வார்கள்.

கருஞ்சாவி: காலக்கணக்கு இடிக்குதே அண்ணே. ஸ்டாலின் செத்தது 1953. கொமேடாவின் செக்ஸ்டெட் (ஆறு பேர் குழு) பேர் வாங்கியது 1956 ஆகஸ்ட், போலந்தின் சோபோட் ஊர் ஜாஸ் விழாவில், ஊரறிய. அவர் காது மூக்கு தொண்டை டாக்டர். ராத்திரி ஜாஸ் வாசிக்கிற ஆளிடம் தொண்டையைக் காட்ட யார் வருவார்? மறைத்தது ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலை பார்த்தவர்களிடம்.

பழையரேடியோ: அந்த ஆஸ்பத்திரி யாருடையது தம்பி? அதுவும் அரசாங்கம்தானே! இன்னொன்று: அவர் மருத்துவம் படித்த போஸ்நான் நகரில்தான் அதே வருஷம் ஜூன் 28 அன்று தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள், டாங்கி வந்தது. சோபோட் விழா தொடங்க அதற்குப்பின் ஆறு வாரம்கூட ஆகவில்லை. பயம் அதற்குள் போயிருக்குமா?

கருஞ்சாவி: ஆஸ்பத்திரி விஷயம் சரி, ஒப்புக்கிறேன். ஆனா வாசிச்சதைப் பாருங்க. டிக்ஸிலேண்ட்ங்கிற பழைய பாணி ஜாஸ் வாசிச்சா கூட்டம் தானா கை தட்டும். இவங்க மாடர்ன் ஜாஸ் மட்டும்தான்னு நின்னாங்க. குழுவில் வ்ருப்ளெவ்ஸ்கி சாக்ஸஃபோன், மிலியான் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கிற வாத்தியம்), அளந்து அளந்து அடிக்கிற மாதிரி. பயந்தவன் இப்படி வம்பை விலைக்கு வாங்குவானா?

ஈரக்குடை: ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நான் ஒரு கதை சொல்றேன். சின்ன வயசுச் சண்டை விளையாட்டில் சுவரில் ‘கொமெண்டா’ (தலைமையகம்) என்று எழுதப்போய் ஓர் எழுத்தை விட்டுட்டாராம். அதுதான் கொமேடா. ட்ஷ்சின்ஸ்கியைத் தமிழில் தட்டச்சு செய்தபோதே எனக்கு அவர் பக்கம் நியாயம் தெரிஞ்சுது.

கருஞ்சாவி: 😂 ஆனாலும் 1960இல் போலந்து இயக்குநர் வைதா எடுத்த படத்தில் நாயகன் பகலில் டாக்டர், ராத்திரி ஜாஸ் டிரம்மர். இசை யார்? கொமேடாவேதான். மறைச்ச ரகசியம் திரைக்கே வந்துடுச்சு.

பழையரேடியோ: அதற்குள் அவர் டாக்டர் தொழிலையே விட்டாச்சு. இனி யாரிடம் மறைக்க? இதுவும் என் கட்சிக்குத்தான் சாட்சி.

கருஞ்சாவி: உங்க கட்சிக்கா? வேலையை விட்டதும் பயம் போச்சுன்னா, பயம் ஆஸ்பத்திரிமேலதானே அண்ணே!