நடுத் தண்ணீரில் படகு மோட்டார் நின்ற அனுபவம் உண்டா?

பென்னாகரத்து மருமகள்:
அம்மா வீடு கொளத்தூர்ப் பக்கம். மேட்டூரைச் சுற்றிக்கொண்டு போகப் பொறுமை கிடையாது. நாகமரையில் படகு ஏறிப் பண்ணவாடியில் இறங்கிவிடுவேன். அன்று பெட்ரோல் டேங்க் என் காலடியில். நாற்றம் குடலைப் புரட்டியது. மூடியின் மேல் ஒரு சிறு திருகு தளர்ந்து கிடந்தது. நாற்றம் அங்கிருந்துதான் என்று, யாரும் பார்க்காதபோது இறுக்கிவிட்டேன். பாதித் தூரம்கூடப் போகவில்லை, மோட்டார் இருமிவிட்டு நின்றது. பலகையில் அலை அடிக்கும் சத்தமும் யாரோ மடியில் வைத்திருந்த கோழியின் கொக்கரிப்பும்தான் கேட்டன. படகுக்கார அண்ணன் கயிற்றை இழுத்தார், இழுத்தார், கழுத்து நரம்பு புடைத்தது. காற்று எங்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் டேங்க் மூடியைத் தொட்டவர் திருகைத் தளர்த்தினார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனது. பெட்ரோல் குழாயிலிருக்கும் ரப்பர் பந்தை நாலு அமுக்கு அமுக்கி இழுத்ததும் பிடித்துக்கொண்டது. “எவன் இதை மூடியது?” என்றார். நான் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய மெக்கானிக்:
அவ்வளவு சீக்கிரம் நின்றது என்பதை நம்ப முடியவில்லை. திருகு வழியே காற்று போகாவிட்டாலும், டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றே வெகுநேரம் தாங்கும். என் கதை வேறு. மேட்டூர் நீர் இறங்கி, மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடி நந்தி சிலை வெளியே தெரிந்த கோடை. படகைத் தள்ளும் விசிறி கல்லில் தட்டியது. மோட்டார் அலறுகிறது, படகு நகரவில்லை. விசிறியைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் ஒடிந்திருந்தது. ஓர் ஆணியைச் செருகிக் கரை சேர்ந்தேன்.

ஒட்டனூர்த் துறை:
ஆணியா? மெக்கானிக் என்று பெயர் வேறு! பின் ஒடிவதற்காகவே மென்மையாகச் செய்யப்படுகிறது. அது ஒடியாவிட்டால் அடி பற்சக்கரத்துக்குப் போகும். மாற்றுப் பின் இரண்டை எப்போதும் கையில் வைத்திருங்கள். டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு பெட்ரோல் 50க்கு எண்ணெய் 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய், கண்ணளவில் ஊற்றாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் டேங்கில் விடாதீர்கள். மோட்டாரைக் குளிர்வித்துப் பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் நின்றால் அந்த நொடியே மோட்டாரை அணையுங்கள். நான் அணைக்கவில்லை. நெகிழிப் பை ஒன்று நீர் உறிஞ்சும் துளையை அடைத்திருந்தது. பிஸ்டன் இறுகிவிட்டது.

ஒகேனக்கல் பரிசல்:
எங்களுக்குத் துடுப்பு போதும். அருவிக்கரைப் பாறைச் சந்தில் உங்கள் விசிறி ஒரு நாள் தாங்காது.

பென்னாகரத்து மருமகள்:
மெக்கானிக் அண்ணா, டேங்க் அன்று கழுத்துவரை நிறைந்திருந்தது. கால் வைக்கும்போதே தளும்பியது. உள்ளே காற்று எங்கே இருந்திருக்கும்? ஷியர் பின்னைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அதே அண்ணன்தான் இன்னும் ஓட்டுகிறார். போன மாதம்கூட, டேங்க் பக்கத்தில் சின்னப் பையன் ஒருவன் உட்கார்ந்ததும், “அந்தத் திருகில் கை வைக்காதே தம்பி” என்று அதட்டினார். நான் கரையைப் பார்த்துக்கொண்டேன்.