‘இனப்பெருக்க எண்’ணுக்கு மாற்றாகத் ‘தொற்றுப் பெருக்கெண்’: ஒரு முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தொற்றுநோய் ஆய்வுக் குழு 2020 மார்ச் 16 அன்று வெளியிட்ட ஒன்பதாம் அறிக்கையைத் தமிழில் தரும்போது எழுந்த சொற்சிக்கலை நண்பர் ஒருவர் இங்கே முன்வைத்திருந்தார். கோவிட் பரவலைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, எந்தத் தடுப்பு நடவடிக்கையும் எடுக்காவிட்டால் பிரிட்டனில் ஏறத்தாழ 5,10,000 பேர் இறக்கக்கூடும் என்று சொன்ன அறிக்கை அது. அந்தக் கணக்கின் அச்சாணிகளில் ஒன்று 2.4 என்ற எண். ஆங்கில வழக்கில் ‘பேசிக் ரிப்ரொடக்‌ஷன் நம்பர்’ என்றும் சுருக்கமாக ‘ஆர் நாட்’ என்றும் வழங்கும் அதனை நண்பர் ‘அடிப்படை இனப்பெருக்க எண்’ என்று பெயர்த்திருந்தார்.

அகராதிப்படி இதில் பிழை இல்லை, பொருளில்தான் இடறுகிறது. வைரசைப் பற்றிய கட்டுரையில் ‘இனப்பெருக்கம்’ என்று வந்தால், உடலின் செல்லுக்குள் புகுந்த ஒரு வைரஸ் எத்தனை படிகளை உண்டாக்குகிறது என்றுதான் வாசகர் எண்ணுவார். இந்த எண் வைரஸ்களை எண்ணுவதில்லை, ஆட்களை எண்ணுகிறது. நோய் எதிர்ப்பு எவருக்குமே இல்லாத ஊரில் நோயுற்ற ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு அந்நோயைக் கொடுக்கிறார் என்பதே அதன் பொருள். ஆங்கிலச் சொல் மக்கள்தொகையியலிலிருந்து வந்தது. ஒரு தாய் தனக்குப் பின் எத்தனை பெண்மக்களை விட்டுச் செல்கிறாள் என்ற கணக்கு அங்கே உண்டு. அந்த உவமையை அப்படியே காக்க விரும்பி மற்றொரு நண்பர், ஈனுதலைக் குறிக்கும் ‘ஈற்று’ என்ற சொல்லைக் கொண்டு ‘ஈற்றெண்’ என்றார். அழகான சொல்தான்; ஆனால் ‘ஈற்றெழுத்து’ என்று படித்து வளர்ந்த நமக்கு அது கடைசி எண் என்றே ஒலிக்கும்!

‘பரவல் வீதம்’ என்பதையும் நான் ஏற்கத் தயங்குகிறேன். 1950களில் மலேரியாவுக்கு இக்கணக்கைச் செய்த ஜார்ஜ் மெக்டொனால்டே ஆங்கிலத்தில் இதனை வீதம் என்றுதான் அழைத்தார் என்பது உண்மை. அந்தப் பழைய வழக்கின் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டியதில்லை. வீதம் என்றால் நாளொன்றுக்கு, வாரமொன்றுக்கு என்று காலம் உள்ளே இருக்க வேண்டும்; 2.4 என்பதில் காலம் இல்லை. ஒருவர் நோயுறுவதற்கும் அவரிடமிருந்து பெற்றவர் நோயுறுவதற்கும் உள்ள இடைவெளி அவ்வறிக்கையில் 6.5 நாள் என்று தனியாகத்தான் தரப்பட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வேகம் தெரியும். இவையன்றி, இலங்கை வாசகருக்கு ‘வீதம்’ என்பது நூற்றுக்கு இத்தனை என்ற பொருளையே முதலில் தரும்.

ஆகவே என் முன்மொழிவு ‘தொற்றுப் பெருக்கெண்’ என்பது. ஒருவர் 2.4 பேருக்குக் கொடுத்தால், அடுத்த தலைமுறையில் 5.76, அதற்கடுத்து ஏறத்தாழ 13.8, நான்காவதில் 33 என்று புதிய நோயாளிகள் பெருகுகிறார்கள், இடைவெளி 6.5 நாள் என்பதால் இது 26 நாளில் நடந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் இதற்குப் ‘பெருக்குத் தொடர்வரிசை’ என்றே பெயர். நமது எண் அந்த வரிசையின் பொது விகிதம் அன்றி வேறில்லை. எண் ஒன்றுக்குக் கீழே இறங்கினால் ‘பெருக்கு’ என்ற சொல் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு, 0.5-ஆல் பெருக்கினால் தொகை குறையும் என்பதும் பெருக்கல்தான் என்று சொல்வேன். ஆடிப்பெருக்கை நினைத்தால் ஐயம் வரும். கணக்கை நினைத்தால் வராது.

எனக்கே நிறைவு தராதது ‘அடிப்படை’ என்ற முன்னொட்டு. அது வைரசுக்கே பிறவிக்குணமாக ஒரு மாறாத எண் இருப்பதுபோல் காட்டுகிறது. மனிதர்கள் எவ்வளவு நெருங்கிப் பழகுகிறார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அவ்வறிக்கையின் 2.4 ஊகான் நகரில் தொற்று தொடக்கத்தில் வளர்ந்த வேகத்திலிருந்து பெறப்பட்டது; அந்த நிச்சயமின்மையை ஒப்புக்கொண்டே 2.0 முதல் 2.6 வரை வைத்தும் அவர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ‘தொடக்கப் பெருக்கெண்’ என்று சொல்லலாம் என்றால், இந்த எண் பன்னிரண்டு முதல் பதினெட்டு என்று வழக்கமாகச் சொல்லப்படும் தட்டம்மைக்கு (இலங்கையில் சின்னமுத்து) இன்று தொடக்கம் எது? இப்போதைக்குத் ‘தடையிலாப் பெருக்கெண்’ என்று வைத்துக்கொண்டு, தடுப்பூசியும் ஊரடங்கும் வந்தபின் நாளுக்கு நாள் மாறும் எண்ணை ‘நடப்புப் பெருக்கெண்’ என்று பிரித்துக் காட்டலாம் என்பது என் கருத்து. அறிக்கையின் மையமான வேறுபாடும் இதில் தெளிவாக வந்துவிடும்: நடப்புப் பெருக்கெண்ணை ஒன்றுக்குக் கீழே இறக்க முயல்வது அடக்குதல், ஒன்றுக்குக் கீழே செல்லாவிட்டாலும் குறைத்து, மருத்துவமனைகளின் சுமையைக் குறைப்பது தணித்தல்.

மக்களை நோய் தொற்றக்கூடியோர், நோயைப் பரப்புவோர், இவ்விரண்டிலும் சேராதோர் என மூன்று பெட்டிகளாகப் பிரிக்கும் தொற்றுநோய்க் கணக்கில் மூன்றாம் பெட்டிக்கு நண்பர் ‘குணமடைந்தோர்’ என்று எழுதியிருந்தார். இங்கே ஒரு திருத்தம் கட்டாயம் தேவை. இக்கணக்கை வகுத்த கெர்மாக்கும் மெக்கெண்ட்ரிக்கும் 1927இல் எழுதிய மூலக் கட்டுரையில் அந்தப் பெட்டி குணமடைந்தவர்களையும் இறந்தவர்களையும் சேர்த்தே குறித்தது. அவர்கள் தம் சமன்பாட்டை ஒப்பிட்டுப் பார்த்ததே 1905-06 பம்பாய்ப் பிளேக் மரணங்களோடுதான். இமயமலை அடிவாரத்துக் கசௌலியின் பாஸ்டர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மெக்கெண்ட்ரிக்குக்கு இந்தியப் பிளேக் புதிதன்று. பரவலின் சங்கிலியிலிருந்து விலகிவிட்டார்கள் என்பது மட்டுமே கணக்குக்குத் தேவை என்பதால் ‘நீங்கியோர்’ என்பதே பொருத்தம். நோய் நீங்கியவரையும் உலகை நீங்கியவரையும் ஒரே வினை தாங்குகிறது. ஆங்கிலத்தில் இன்று பலர் அப்பெட்டியைக் குணமடைந்தோர் என்றே விரித்து எழுதும் தவற்றுக்குத் தமிழில் இடமே இராது.

கடைசியாக ‘மாதிரி’. சளி மாதிரி, கணித மாதிரி இரண்டும் ஒரே பத்தியில் வருவதால் ‘மாதிரிகளைச் சோதித்தபின் மாதிரி திருத்தப்பட்டது’ என்பது போன்ற வாக்கியங்கள் நேர்கின்றன. கணிதத்துக்கு ‘மாதிரியுரு’ என்று ஒதுக்கிவிட்டால் இது தீரும். ‘தடையிலா’ என்பதைவிடச் சிறந்த முன்னொட்டு எவருக்கேனும் தோன்றினால் தெரிவிக்கவும். மொழிபெயர்ப்பின் அடுத்த படியில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்