மெட்ரிக் எக்ஸாம்ல ஸ்க்ரீன் ரீடர்: எப்போ அப்ளை பண்ணணும்?

சாட்ஸ்வொர்த் அம்மா:
தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் யாராவது இருக்கீங்களா? பொண்ணு இப்போ 11ஆம் கிரேடு, பார்வை ரொம்பக் கம்மி, வீட்ல எல்லாம் என்விடிஏ (ஸ்க்ரீன்ல இருக்குறதை வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர் சாஃப்ட்வேர்) போட்டுதான் படிக்கிறா. அடுத்த வருஷம் மெட்ரிக் (12ஆம் கிரேடு ஃபைனல் எக்ஸாம்), அதுல இதை யூஸ் பண்ண பர்மிஷன் கேட்டா ஸ்கூல்ல "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு சொல்றாங்க, எனக்கு பயமா இருக்கு.

முன்னாள் டீச்சர்:
அடுத்த வருஷம் வரைக்கும் விடாதீங்கம்மா. 2014ல வந்த சியாஸ் பாலிசிப்படி (எந்தப் புள்ளைக்கு என்ன உதவி வேணும்னு கண்டுபிடிச்சுக் குடுக்குறதுக்கான அரசாங்க விதி) முதல்ல டீச்சரும், அப்புறம் ஸ்கூல் சப்போர்ட் டீமும் சப்போர்ட் ஃபார்ம் நிரப்பணும், அதுக்கப்புறம்தான் டிஸ்ட்ரிக்ட் டீமுக்குப் போகும். கண் டாக்டர் ரிப்போர்ட்டோட எழுத்துலயே கேளுங்க. கிளாஸ் டெஸ்ட்லயும் இப்பவே என்விடிஏவையே யூஸ் பண்ணட்டும், பழகாத கருவியோட எக்ஸாம் ஹாலுக்குப் போறது புள்ளைக்குப் பெரிய கொடுமை.

ஃபீனிக்ஸ் அப்பா:
அக்கா, என் பையனுக்கு நடந்ததைச் சொல்றேன். ட்ரையல் எக்ஸாம் (ஃபைனலுக்கு முன்னாடி வைக்கிற மாதிரித் தேர்வு) அன்னிக்கு பேப்பரை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பா குடுத்துட்டாங்க, அது வெறும் படம், என்விடிஏ "எம்ப்டி டாக்குமென்ட்"னு மட்டும் சொல்லுது, புள்ள ஹெட்போனை மாட்டிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தான், எனக்கு இன்னும் மனசு ஆறல. அதனால வேர்டு ஃபைலா வேணும்னு முன்னாடியே கேளுங்க. மேத்ஸ்ல கிராஃபை என்விடிஏ படிக்காது, அதுக்கு தொட்டுப் பாக்குற படமோ வாசிச்சுக் காட்ட ஒரு ஆளோ தனியா கேக்கணும். கரண்ட் போனா என்னன்னும் கேட்டுடுங்க, லேப்டாப் பேட்டரி முழுசா தாங்கணும்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
ரொம்ப நன்றிங்க, நாளைக்கே லெட்டர் எழுதிக் குடுக்குறேன். இந்த பிடிஎஃப் விஷயம் எனக்கு சத்தியமா தோணியிருக்காது.