ரிசீவரில் விளக்கு எரிகிறது, ஒலி வரவில்லை: அவசர உதவி தேவை

பீடோர்வாசி: வணக்கம். இன்று காலை வீட்டு ரிசீவரை (வானொலியும் ஆம்ப்ளிபையரும் ஒன்றாக இருக்கும் பெட்டி) போட்டபோது விளக்கெல்லாம் வழக்கம்போல் எரிந்தது. ஆனால் இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒலி துளியும் இல்லை. வயர்களைச் சரிபார்த்துவிட்டேன். தீபாவளிக்கு அக்கா குடும்பத்தோடு வருவதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். இங்கே பழுதுபார்ப்பவர் யாரும் இல்லாததால், முடியாவிட்டால் ஈப்போவுக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். என்ன செய்யலாம்?

ஈப்போ_ராஜி: என்ன ரிசீவர், எவ்வளவு பழையது, ஒலி எதிலிருந்து வர வேண்டும் என்று எதையுமே சொல்லவில்லையே. தொலைக்காட்சியா, கைப்பேசியா, வானொலியா?

செம்பனைக்காடு: இது தொலைக்காட்சியின் வேலைதான், சந்தேகமே வேண்டாம். புதிய தொலைக்காட்சிகள் பல நேரங்களில் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவில் ஒலியை அனுப்புகின்றன. பழைய ரிசீவர்களுக்கு அது புரியாது, ஆப்டிகல் கேபிள் வழியாக அது போகவும் போகாது. தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் பி.சி.எம். (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்பதைத் தேர்ந்தெடுங்கள். எச்.டி.எம்.ஐ. வழியாக இணைத்திருந்தால் ஏ.ஆர்.சி. (தொலைக்காட்சியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருகியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

கம்பிச்சுருள்: மாடல் எண்ணைக் கொடுக்காமல் கேள்வி கேட்க வேண்டாம் என்று இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன், யார் படிக்கிறார்கள்? தம்பி, பெட்டியைப் பழிப்பதற்கு முன் அதன் முகப்பைப் பாருங்கள். ஸ்பீக்கர் ஏ, பி என்று இருக்கும் சுவிட்ச் அணைந்திருந்தால் ஒலி வராது. டேப் மானிட்டர் பொத்தான் அழுந்தியிருந்தால், ரிசீவர் இல்லாத டேப்பிலிருந்து ஒலியை எதிர்பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். ஹெட்போன் துளையில் ஏதாவது செருகியிருந்தாலும் பல பெட்டிகளில் ஸ்பீக்கர் அடங்கிவிடும். இவற்றைப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாதவர்களுக்கு ஈப்போதான் வழி.

தோட்டத்து_மணி: இந்த மாதங்களில் பேராக்கில் மாலையானால் இடிமழை. பிளக்கைக் கழற்றாமல் விட்டிருப்பீர்கள். எங்கள் லயத்தில் ஒரே இடியில் மோடமும் மின்விசிறியும் சேர்ந்து போயின.

பழைய_சன்சுயி: பிளக்கைக் கழற்றுவது நல்ல பழக்கம்தான், ஆனால் இது ரிலே, அதாவது மின்சாரத்தால் தானே திறந்து மூடும் உள் சுவிட்சின் பிரச்சினை. சுவிட்சைப் போட்ட சில வினாடிகளில் உள்ளே 'டக்' என்று கேட்க வேண்டும். ஆம்ப்ளிபையரிலிருந்து நேர்மின்னோட்டம் ஸ்பீக்கருக்குப் போய் அதன் சுருளைக் கருக்கிவிடாமல் காப்பதற்காகவே அந்த ரிலே முதலில் திறந்திருந்து, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மூடுகிறது. டக் இல்லையென்றால் பழுது உள்ளே இருக்கிறது. டக் கேட்டும் ஒலி இல்லையென்றால் ரிலேயின் முனைகள் கறுத்திருக்கும். மூடியைத் திறந்து ஸ்ப்ரே அடித்தால் போதும்.

பீடோர்வாசி: டக் கேட்கிறது. தொலைக்காட்சியை இதில் இணைக்கவே இல்லை, வானொலி மட்டும்தான் கேட்போம். மின்னல் எப்.எம். வைத்தால் அலை வலிமையைக் காட்டும் முள் நன்றாக மேலே போகிறது. அப்பா வாங்கிய பழைய ஜப்பானியப் பெட்டி. ஏ சுவிட்ச் போட்டுத்தான் இருக்கிறது, டேப் பொத்தான் அழுந்தவில்லை, ஹெட்போனும் இல்லை.

கம்பிச்சுருள்: மாடல் எண்?

செம்பனைக்காடு: ஜப்பானியப் பெட்டி என்றால் 100 வோல்ட்டாக இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அதுதான் காரணம்.

கம்பிச்சுருள்: 100 வோல்ட் பெட்டியை 230-இல் செருகியிருந்தால் இவர் ஒலியைப் பற்றி அல்ல, புகையைப் பற்றி எழுதியிருப்பார். அப்பா காலத்திலிருந்து ஓடும் பெட்டி இன்று காலைதான் வோல்ட்டேஜை உணர்ந்ததா? அதுபோக, சன்சுயி சொல்லும் ஸ்ப்ரே எது? துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெயையே இங்கே பாதிப் பேர் ரிலேவுக்கும் அடிக்கிறார்கள்.

பழைய_சன்சுயி: மின்முனைக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயைத்தான் சொன்னேன். நான் எண்ணெயை அடிக்கச் சொன்னதாக நீங்களே கற்பனை செய்துகொள்ள வேண்டாம், அண்ணன் அவர்களே.

கம்பிச்சுருள்: முழுதும் அடைத்த ரிலேயாக இருந்தால் எந்த ஸ்ப்ரேயும் உள்ளே போகாது. மூடி கழலும் வகையாக இருந்தால், பிளக்கைக் கழற்றி, மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, ஸ்ப்ரேயில் நனைத்த காகிதக் கீற்றை முனைகளுக்கு நடுவே வைத்து மெல்ல இழுப்பதுதான் முறை. புதிதாக மாற்றுவது அதைவிட நல்லது.

பழைய_சன்சுயி: பழைய பெட்டிக்கு அதே அளவு ரிலே கிடைக்க வேண்டுமே.

ஈப்போ_ராஜி: ரிலேயை விடுங்கள். முனை கறுத்திருந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம் விட்டுவிட்டு வரும், அல்லது ஒலியளவைக் கூட்டினால் சட்டென்று வரும். இரண்டு பக்கமும் ஒரே காலையில் முற்றாக அடங்குவது அரிது. முள் ஏறுவதால் வானொலி அலையைப் பிடிக்கிறது, டக் கேட்பதால் பவர் பகுதியும் பெரும்பாலும் நலம். நடுவில்தான் எங்கோ அறுந்திருக்கிறது. பெட்டியை அண்மையில் நகர்த்தினீர்களா?

பீடோர்வாசி: ஆமாம், நேற்று வரவேற்பறைக்குப் பெயின்ட் அடித்தார்கள். அலமாரியோடு வெளியே எடுத்து வைத்திருந்தோம்.

ஈப்போ_ராஜி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பின்புறத்தில் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' என்று எழுதிய நான்கு துளைகள் இருக்கின்றனவா? பழைய பெட்டிகள் பலவற்றில் 'ப' வடிவில் வளைந்த இரண்டு சிறு உலோகத் துண்டுகள் அவற்றை இணைத்திருக்கும்; 1978-இல் வந்த நாட் (NAD) நிறுவனத்தின் 3020 ஆம்ப்ளிபையரிலும் அப்படித்தான். அவை இல்லையென்றால் முன்பகுதி தயாரிக்கும் ஒலி பின்பகுதிக்குப் போகாது. பெயின்ட் அடிப்பவர்கள் தூசி துடைக்கும்போது அவற்றைத் தேவையற்ற ஆணி என்று நினைத்துக் கழற்றியிருக்கலாம். பெட்டியை அணைத்துவிட்டு, இரண்டு சாதாரண ஆர்.சி.ஏ. கேபிள்களால் (டிவிடி பெட்டிக்குப் போடும் வகை) இடதை இடதோடும் வலதை வலதோடும் இணைத்து, ஒலியளவை அடியில் வைத்துப் போட்டுப் பாருங்கள். கைப்பேசியை மட்டும் நேராக 'மெயின் இன்'-இல் செருகிச் சோதிக்க வேண்டாம். ரிசீவரின் ஒலியளவுக் குமிழ் அங்கே வேலை செய்யாது, ஸ்பீக்கர் கிழிந்துவிடும்.

தோட்டத்து_மணி: இருந்தாலும் இடியையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

பீடோர்வாசி: துளைகள் நான்கும் காலியாகத்தான் இருந்தன. தம்பியின் பழைய டிவிடி கேபிளைப் போட்டேன், பாட்டு வருகிறது. ராஜி அக்காவுக்கு நன்றி.

லயத்துப்பையன்: இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் பெட்டியில் இடது பக்கம் மட்டும் வரவில்லை. ஒலியளவை ஒருமுறை நன்றாக ஏற்றி இறக்கினால் வந்துவிடுகிறது. இது எதனால்?

பழைய_சன்சுயி: ரிலே.

கம்பிச்சுருள்: குமிழிலேயே அழுக்கு இருந்தாலும் அப்படித்தான் ஆகும். தனி இழை தொடங்குங்கள், மாடல் எண்ணோடு.