டாட்டிங் ரிங் பாதியில நின்னுடுது, இழுத்தாலும் மூட மாட்டேங்குது, யாராவது சொல்லுங்களேன்

வெள்ளைநூல்:
எல்லாருக்கும் வணக்கம். ஷட்டில் டாட்டிங், அதாவது நூல் சுத்தின சின்ன ஷட்டிலால முடிச்சு முடிச்சா போட்டு லேஸ் பண்றது, புதுசா ஆரம்பிச்சிருக்கேன். குரோஷா ரொம்ப வருஷமா போடறேன், அதனால நூலும் ஊசியும் கைக்குப் பழக்கம்தான், ஆனா இது மட்டும் பிடிபட மாட்டேங்குது. டபுள் ஸ்டிச் (ரெண்டு பாதி முடிச்சு சேர்ந்தது) பாக்க நல்லாத்தான் உக்காருது, 3-3-3-3னு நடுவுல பிக்கோ, அதாவது குட்டி நூல் கண்ணி, விட்டு போட்டுட்டு ஷட்டில் நூலை இழுத்தா ரிங் கொஞ்ச தூரம் சின்னதாகும் அப்புறம் அப்படியே நின்னுடும், பலமா இழுத்தா நூலே அறுந்துடுது. சில ரிங் மட்டும் சர்ருனு மூடிக்குது, அது ஏன்னு புரியல. இன்னொண்ணு, ஸ்டிச் போடப் போட இடது கையில சுத்தியிருக்கிற வளையம் சின்னதாகிட்டே வந்து விரலை இறுக்குது, அதைத் திரும்ப பெருசாக்கவும் முடியல. நூல் 20ஆம் நம்பர் மெர்சரைஸ்டு காட்டன், ஷட்டில் நுனியில கூர்ப்பு வச்ச பிளாஸ்டிக் ஷட்டில். நூலை மாத்தணுமா ஷட்டிலை மாத்தணுமா? விட்டுட மனசே வரல, ஒரு ரிங் ஒழுங்கா மூடுறப்போ வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே கத்துக்கணும்னு இருக்கு.

பழையஷட்டில்:
ரெண்டையும் மாத்த வேணாம்மா. வளையம் பெருசாக மாட்டேங்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே தெரிஞ்சுடுச்சு. எங்கயோ ஒரு முடிச்சு நூல் மாறாம நின்னுருக்கு.

முடிச்சைப் போடறது ஷட்டில் நூல்தான், ஆனா போட்டு முடிச்ச உடனே அது கை வளையத்து நூலுக்கு மாறிடணும், ஷட்டில் நூல் உள்ளுக்குள்ள நேரா ஓடணும். அப்படி ஓடினாதான் கடைசியில இழுக்கறப்போ ரிங் மூடும். ஒரே ஒரு பாதி முடிச்சு மாறாம போனாலும் அந்த இடத்துல நிஜ முடிச்சா இறுகிடும், அதுக்கப்புறம் எவ்வளவு பலமா இழுத்தாலும் நகராது. உங்களுக்கு சில ரிங் மூடுது சிலது மூடலன்னா பெரும்பாலும் மாறுது, நடுநடுவுல ஒண்ணு தப்புது, அவ்வளவுதான்.

மெதுவா செஞ்சு பாருங்க. ஷட்டிலை விட்டு எடுத்த உடனே இடது கை நடுவிரலைத் தளர விடுங்க, வளையம் தொளதொளன்னு ஆகணும். இப்ப வலது கையால ஷட்டில் நூலை விறைப்பா இழுங்க. அதுல சுத்தியிருந்த சுருள் அவுந்து, வளையத்து நூல் ஷட்டில் நூல் மேல சுருளா ஏறிக்கும், கண்ணாலயே பாக்கலாம், விரல்லயும் டக்குனு ஒரு சின்ன உதறல் தெரியும். அதுக்கப்புறம்தான் நடுவிரலைத் தூக்கி அந்த சுருளை கட்டைவிரல் கிட்ட நகர்த்தணும், நகர்த்தி முடிக்கிற வரைக்கும் வலது கை கொஞ்சம்கூட தளரக் கூடாது. எல்லாரும் தடுமாறுறது இங்கதான், சுருள் தாவுறதுக்கு முன்னாடியே இடது விரல் இறுகிடும், உடனே முடிச்சு ஷட்டில் நூல்லயே நின்னுடும்.

ஒவ்வொரு பாதி முடிச்சுக்கும் ஷட்டில் நூலை லேசா முன்ன பின்ன இழுத்துப் பாருங்க. ஓடுதுன்னா சரி. இந்தப் பழக்கம் எனக்கு இன்னைக்கும் இருக்கு, வேகம் வந்தப்புறமும் விடல.

ரெண்டுகலர்:
அக்கா சொன்னதைக் கண்ணால பாக்கணும்னா ரெண்டு கலர் நூல் எடுத்து முனையை சேர்த்து முடிச்சு போட்டுக்கோங்க, ஷட்டில்ல நீலம் இருந்தா கையில சுத்துறது வெள்ளை. ரிங் வேணாம், நூலை முழுசா சுத்தாம விரல் மேல போட்டு சுண்டுவிரல்ல சுத்திப் பிடிச்சு செயின் மாதிரி வரிசையா ஸ்டிச் மட்டும் போடுங்க. ஸ்டிச் எல்லாம் வெள்ளையா இருந்தா மாறியிருக்கு, எங்க நீலம் எட்டிப் பாக்குதோ அங்க மாறல. கத்துக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல, நானும் இப்படித்தான் கத்துக்கிட்டேன்.

வெள்ளைநூல்:
அய்யோ ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும்!! ரெண்டு கலர்ல போட்டுப் பாத்தேன், முதல் பாதி எல்லாமே வெள்ளை, ரெண்டாவது பாதியிலதான் அங்கங்க நீலம் தெரியுது. ஏன் ரெண்டாவது மட்டும்? அப்புறம் அப்படி இறுகினதை அவுக்க முடியுமா, இல்ல வெட்டித்தான் போடணுமா?

பழையஷட்டில்:
முதல் பாதிக்கு ஷட்டில் வளையத்து நூலுக்கு அடியில போய் மேல திரும்பி வருது. ரெண்டாவதுக்கு மேல போய் அடியில வருது, அப்படி வர்றப்போ நூலை இடது கை தன்னையறியாம இறுக்கிப் பிடிச்சுக்கும். ரெண்டாவது பாதிக்கு மட்டும் நடுவிரலை வேணும்னே ஒரு நொடி கூடுதலா தளர விடுங்க, சரியாயிடும்.

அவுக்கலாம், வெட்டாதீங்க. ஷட்டில் நூலை இழுத்தா ஷட்டில் பக்கத்து ஸ்டிச்செல்லாம் நெருங்கி வந்து ஒரு இடத்துல முட்டி நிக்கும், அங்கதான் கட்டு. இனிமே இழுக்காதீங்க, இன்னும் இறுகும். கடைசியா போட்ட ஸ்டிச்சுல இருந்து ஒவ்வொண்ணா பின்னாடி வரணும், ஊசி நுனியால சுருளைத் தளர்த்தி ஷட்டிலை போன வழியிலயே திரும்ப விட்டு எடுக்கணும். நூல் பிரியாம இருக்க மொண்ணை ஊசி நல்லது. பொறுமை வேணும், ஆனா ரெண்டு மூணு ரிங் இப்படி அவுத்தீங்கன்னா முடிச்சு எப்படி உக்காந்திருக்குன்னு விரலுக்கே புரிஞ்சுடும்.

மெல்லிழை:
இன்னொண்ணு சேத்துக்கறேன். ரிங் பாதியில நிக்கிறதுக்கு முறுக்கும் காரணமா இருக்கலாம். போடப் போட ஷட்டில் நூல்ல முறுக்கு ஏறிட்டே போகும், அப்படி ஏறினா மூடறப்போ கடைசி இடத்துல சின்னதா ஒரு சுருக்கு விழுந்து மாட்டிக்கும். அப்பப்ப ஷட்டிலை கீழ தொங்க விடுங்க, அதுவா சுத்தி முறுக்கை இறக்கிடும். ஷட்டில்ல நூல் சுத்துறப்போ ஓரத்துக்கு வெளிய தள்ளுற அளவுக்கு ரொப்பாதீங்க, அழுக்காகும், ஓட்டமும் தடைபடும். எம்பிராய்டரி நூல் வேணாம், இழை இழையா பிரியும், உங்க 20ஆம் நம்பரே நல்ல நூல். கண்ணுக்குக் கஷ்டமா இருந்தா 10க்குப் போங்க, நம்பர் குறைஞ்சா நூல் தடிமன்.

மூடறப்போவும் ஒரே இழுப்பா இழுக்காம ஸ்டிச்சுகளை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா இழுங்க, பிக்கோ நிறைய இருந்தா இன்னும் மெதுவா.

வெள்ளைநூல்:
மூடுது!!! வரிசையா மூடுது, ஒண்ணுகூட நிக்கல. இந்த சந்தோஷத்தை எங்க போய் சொல்றதுன்னே தெரியல அதான் இங்கயே எழுதுறேன். வளையம் சின்னதாச்சுன்னா கீழ்ப்பக்க நூலை இழுத்தா அழகா பெருசாகுது, முன்னாடி இது நடக்கவே இல்ல. இப்ப ஒரு ரிங்கோட பிக்கோவுல அடுத்த ரிங்கை ஜாயின் பண்ணினா மறுபடியும் அந்த ரிங் மட்டும் மூடல. இதுக்கும் அதே காரணமா?

ரெண்டுகலர்:
அதே குடும்பம்தான் :) பிக்கோ வழியா வளையத்து நூலை கொக்கியால மேல இழுத்து, அந்த சின்ன வளையத்துக்குள்ள ஷட்டிலை விட்டு எடுக்குறீங்க இல்லையா, அதுக்கப்புறம் ஷட்டில் நூலை விறைப்பா வச்சுக்கிட்டு இடது விரலைத் தூக்கித்தான் இறுக்கணும். ஷட்டில் நூலை தொய்ய விட்டுட்டு இறுக்கினா அதுவும் பிக்கோவுக்குள்ள சேர்ந்து மடங்கி மாட்டிக்கும். ஜாயின் போட்ட உடனே ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு அடுத்த ஸ்டிச்சுக்குப் போங்க, மறந்துடாதீங்க.

பழையஷட்டில்:
ரொம்ப சரி. இந்த ஜாயின் எவ்வளவு பெரிய வசதின்னு யோசிச்சுப் பாருங்க, 19ஆம் நூற்றாண்டு நடுவுல வரைக்கும் ரிங்கெல்லாம் தனித்தனியா போட்டு ஊசிநூலால தச்சுதான் சேத்துட்டிருந்தாங்க.

பிக்கோ ரொம்பக் குட்டியா இருந்தா கொக்கியே நுழையாது, ஜாயின் பண்ணப்போற பிக்கோவை மட்டும் கொஞ்சம் தாராளமா விடுங்க. எல்லாம் ஒரே அளவா வர ஒரு அட்டைத் துண்டை பட்டையா வெட்டி ரெண்டு ஸ்டிச்சுக்கு நடுவுல வச்சுக்கிட்டு போடலாம்.

மூடினப்புறம் எதாவது தப்பு தெரிஞ்சா பயப்படாதீங்க, கடைசி பிக்கோ இருக்கிற இடத்துல ரெண்டு பக்கத்து ஸ்டிச்சையும் பிடிச்சு மெதுவா விலக்கினா உள்ளே ஓடுற நூல் தெரியும், அதை ஊசியால இழுத்து ரிங்கைத் திறக்கலாம். பிக்கோவே இல்லாத ரிங்னா இது ரொம்ப கஷ்டம், அதனால அந்த மாதிரி ரிங்கை மூடறதுக்கு முன்னாடியே ஒரு தடவை எண்ணிடுங்க.

வெள்ளைநூல்:
ஜாயின் பண்ண ரிங்கும் மூடிடுச்சு அக்கா. அடுத்து கண்டு நூலையும் சேத்து ரிங், செயின் ரெண்டும் கலந்த ஓரம் போடப்போறேன், திருப்பிப் பிடிக்கிற இடத்துல சந்தேகம் வந்தா இதே இழையிலயே கேக்கறேன்.